ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டர் வாங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டர்போ வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சில மாதங்களாக எங்கள் கோவைப் பட்டறைக்குப் போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டர் நல்லது? எத்தனை ஹெச்பி தாங்கும்?" இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைச் சரியாக வைத்திருக்கும் சாமான்தான் ரெகுலேட்டர். அந்தக் கேள்வியே கொஞ்சம் தடம் மாறிய கேள்வி. போனில் விளக்கினால் பாதிதான் போய்ச் சேர்கிறது, அதனால் எழுதிவிடுகிறோம்.

முதலில், வாங்கவே வேண்டாதவர்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி உங்களுடையது என்றால் இந்தச் சாமான் உங்களுக்கானது இல்லை. அங்கே நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் தருவது எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் உயர் அழுத்த பம்ப். அதன் அழுத்தம் 100 பாருக்கும் மேலே போகும். அதைக் கட்டுப்படுத்துவது ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர். நாங்கள் விற்கும் ரெகுலேட்டரோ நாலைந்து பாரில் வேலை செய்வது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேட் வாங்குங்கள், செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

இது தேவைப்படுவது போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பெட்ரோல் பீய்ச்சுபவை), அதிலும் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ளவற்றுக்கு. டர்போ ஏற்றிய பழைய சிட்டி வீடெக், முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை எங்களிடம் அடிக்கடி வருகின்றன. இவற்றின் ரெகுலேட்டரில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அலட்சியம் செய்யும் அந்த ஹோஸில்தான் விஷயமே இருக்கிறது.

இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிக்கும் குழாய்) உள்ள பெட்ரோல் அழுத்தம், மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்றழுத்தம். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சும் என்பதை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. பேஸ் பிரஷர், அதாவது அந்த ஹோஸைக் கழற்றியபோது ரெயிலில் உள்ள அழுத்தம், 3 பார் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் வேக்கம் (உறிஞ்சும் அழுத்தம்) இருப்பதால் கேஜில் ஏறக்குறைய 2.4 காட்டும். டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 1 பார் ஆகும்போது 4 காட்ட வேண்டும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு பெட்ரோல் அழுத்தமும் ஏற வேண்டும், இதைத்தான் ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். ஹோஸ் கழன்று விழுந்து, ரெயில் 3 பாரிலேயே நின்றுவிட்டால்? வித்தியாசம் 2 பார்தான் மிஞ்சும், பெட்ரோல் ஓட்டம் சுமார் 18 சதவீதம் குறையும். காற்று அதிகமாக நுழைகிற அதே நேரத்தில் இது நடக்கிறது. பிஸ்டன் உருகிய பிறகு ட்யூனரைத் திட்டிப் பயனில்லை.

இப்போது கடையில் நடக்கும் வாக்குவாதத்துக்கு வருவோம். பெட்டியில் 800 ஹெச்பி, 1000 ஹெச்பி என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். உண்மையில் ரெகுலேட்டருக்கு அதிக வேலை இருப்பது ஃபுல் த்ராட்டிலில் அல்ல, ஐடிலிங்கில். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 250 ஹெச்பி எடுக்கும் டர்போ எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குத் தோராயமாக 90 லிட்டர் குடிக்கும். சிக்னலில் நிற்கும்போது ஒரு லிட்டர் அளவுக்குத்தான் போகும். மிச்சம் அத்தனையும் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி டேங்குக்குப் போயாக வேண்டும். மாடித் தொட்டிக்குப் பெரிய மோட்டார் போட்டுவிட்டு ஓவர்ஃப்ளோவுக்கு அரை இஞ்ச் பைப் விட்டால் என்ன ஆகும்? அதேதான்.

அப்படி ஒரு சிட்டி வீடெக் போன கோடையில் வந்தது. 340 லிட்டர் பம்ப், பளபளவென்று நீல நிற ரெகுலேட்டர், ஆனால் ரிட்டர்ன் மட்டும் பழைய மெல்லிய குழாய். ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் ஐடிலிங்கில் அழுத்தம் 3.8-க்குக் கீழே இறங்க மறுத்தது. கரும்புகை, பிளக் எல்லாம் கருப்பு. இன்ஜெக்டர் லீக் என்று யாரோ சொல்லி, நாலு இன்ஜெக்டரையும் மாற்றிவிட்டு வந்திருந்தார். ரிட்டர்ன் லைனை 6 ஏஎன் என்ற ஹோஸ் அளவுக்குப் பெரிதாக்கினோம், பிரச்சினை தீர்ந்தது. ரெகுலேட்டரை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆகவே எங்களிடம் கேட்கும்போது ஹெச்பியை அப்புறம் சொல்லுங்கள். பம்ப் எது, ரிட்டர்ன் குழாய் என்ன அளவு என்று முதலில் சொல்லுங்கள்.

ஆக்டேவியா ஆர்எஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பெனி ரெகுலேட்டர் 3 பார். அதே இடத்தில் பொருந்தும் 4 பார் பாஷ் ரெகுலேட்டர் போட்டால் அதே இன்ஜெக்டர் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். மலிவான வழிதான். ஆனால் ஈசியூவில் உள்ள பெட்ரோல் கணக்கை, அதாவது மேப்பை, அதற்கேற்ப மாற்றாமல் மாட்டாதீர்கள். அழுத்தம் ஏற ஏறப் பம்பின் ஓட்டம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் 8, 12 பிஎஸ்ஐ ஏறும் ரைசிங் ரேட் வகையையும் சிலர் தேடுகிறார்கள். ஈசியூவைத் தொட முடியாத காலத்து ஏற்பாடு அது. அவ்வளவு அழுத்தத்தில் சில இன்ஜெக்டர்கள் சரியாகத் திறக்கவே மாட்டா. நாங்கள் விற்பதில்லை. பெரிய இன்ஜெக்டரும் முறையான ட்யூனிங்கும் போதும்.

இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தாங்கும் டயாஃப்ரம் (ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு), ஓ-ரிங் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஏரோமோட்டிவ், டர்போஸ்மார்ட் பெயர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும், உள்ளே டயாஃப்ரம்தான் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் வாசம் அடித்தாலோ ஈரம் இருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

மாட்டும்போது ரெகுலேட்டர் ரெயிலுக்குப் பிறகு வரட்டும். அதன் ஹோஸைப் பூஸ்ட் கேஜுடனோ புளோ ஆஃப் வால்வுடனோ பங்குபோடாமல் மேனிஃபோல்டிலிருந்து நேராக எடுத்து, இரு முனையிலும் கிளிப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு முனையை அடைத்துவிட்டுப் பேஸ் பிரஷரை வையுங்கள், லாக் நட்டை இறுக்குங்கள், பிறகு ஹோஸை மாட்டுங்கள். ரெகுலேட்டரிலேயே வரும் திரவம் நிரப்பிய கேஜ் சூட்டில் தப்பாகக் காட்டும், அதை நம்பி ட்யூன் செய்யாதீர்கள். சென்சார் ஒன்று போட்டு, பூஸ்டில் அழுத்தத்தைப் பதிவு செய்து (லாக் எடுத்து) பார்ப்பதே சரி.

எங்களிடம் வாங்கியது உங்கள் வண்டிக்கு ஒத்துவரவில்லை என்றால் சீல் பிரிக்காமல் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். பெட்ரோல் பட்ட ரெகுலேட்டரைத் திரும்ப எடுக்க முடியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து