கன்னியாவுக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணாவுக்கு

திருகோணமலை பஸ் நிலையத்தில் போன வெள்ளிக்கிழமை என்னை ஏற்றிய அண்ணா, இது உங்களுக்குத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் என் தம்பி போனான். உடல் கிடைக்கவில்லை, அதனால் இறந்தவருக்குச் செய்யும் கிரியையான அந்தியேட்டியும் செய்யவில்லை. அம்மா கடைசிவரை அதற்குச் சம்மதிக்கவில்லை. அவவும் போன பிறகுதான் அந்தக் கடனுக்காகக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகத் துணிவு வந்தது.

வழியில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “ஆருக்குத் தங்கச்சி?” சொன்னேன். கடையடியில் நிறுத்திக் கற்பூரமும் நெருப்புப் பெட்டியும் வாங்கி வந்தீர்கள். ஏழு கிணறுகளிலும் சூடு வேறு வேறு, இதில் முதலில் அள்ளுங்கோ என்று வாளியை எடுத்துத் தந்தீர்கள். பிறகு, “அழுறதெண்டால் அழுங்கோ, நான் அங்கால நிக்கிறன்” என்று தள்ளிப் போனீர்கள். இத்தனை வருடமும் ஆறுதல் சொன்ன எல்லோரும் மறந்துவிடு என்றார்கள் (சொல்வது சுலபம்தானே). நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

காத்திருந்ததற்குக் காசும் வாங்கவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அண்ணா. தம்பியின் படத்துக்கு மாலையும் போட்டாயிற்று.

உங்கள் துவாய் என்னிடம் இருக்கிறது. தோய்த்து வைத்திருக்கிறேன். இந்த அண்ணாவைத் தெரிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள்.