குருவிக்கு முன்னால் உறைந்துபோகும் கமரா: பணத்தைத் திருப்பித் தரும்படி மூன்றாவது கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
மாசி 20

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

மார்கழி 12ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உள்ள உங்கள் முகவர் கடையில் 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கிய கமராவைப் பற்றி எழுதுகிறேன். முதல் இரண்டு கடிதங்களையும் மரியாதையாக எழுதினேன். இதையும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

பிழை என்னவென்று உங்களுக்கே தெரியும், உங்கள் சாமான்தானே. லென்சை 400 மில்லிமீற்றரைத் தாண்டி இழுத்தால், எதில் குவிகிறது என்று திரையில் காட்டும் அந்தப் பச்சைப் பெட்டி குருவியின் கண்ணைத் தேடி அங்குமிங்கும் ஆடும். அப்புறம் திரை உறைந்துவிடும். பற்றரியைக் கழற்றிப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். அதுவரை எந்தக் குருவி காத்திருக்கும்?

உங்கள் விளம்பரத் தாளின் முகப்பில் ஒரு ஹம்மிங் பறவை. செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை சிறகடிக்கிற சிட்டு, இறகை எண்ணலாம் போல அந்தரத்தில் நிற்கிறது. அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் பறவை, கொக்குவிலுக்கு வராது என்பது எனக்கும் தெரியும். ரொறன்ரோவில் என் மகள் வீட்டுப் பூக்களுக்குக் கோடையில் வரும். அவள்தான் காசு அனுப்பி, "அப்பா, எங்கட தேன்சிட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்றாள். எங்கள் தேன்சிட்டு பெரும்பாலும் செவ்வரத்தங் கிளையில் இருந்துகொண்டுதான் தேன் குடிக்கும். ஆடாமல் இருக்கிற குருவிக்கே இந்தக் கதி.

சரி, கொழும்பில் உள்ள உங்கள் சேவை நிலையத்துக்குக் கமராவைக் கொண்டுபோன கதைக்கு வருகிறேன். நேரில் கொண்டுவரச் சொன்னது உங்கள் ஆட்கள்தான். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இரவு பஸ். விடிய 5 மணிக்கு இறங்கி, 9.30க்குக் கதவு திறக்கும்வரை படியில் இருந்தேன். எனக்கு வயது 64. உள்ளே போனால், திருத்துபவர் லீவாம். முன்மேசையில் இருந்த தம்பி லென்சை இழுக்காமலே சுவர்க் கலண்டரை ஒரு படம் எடுத்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். 400க்கு மேல் இழுத்துப் பாருங்கோ என்றேன். "இஞ்ச குருவி இல்லையே அங்கிள்" என்று சிரித்தார். நான் விடாமல் கேட்டதும் சொன்னார்: "குருவி பறக்கிறதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். ஒரு மாணவன்கூட என்னிடம் அப்படிக் கதைத்ததில்லை. போதாததற்கு, உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே "பிழை இல்லை" என்று எழுதி 3,500 ரூபா பரிசோதனைக் கட்டணம் வாங்கினார். ரசீது இருக்கிறது.

அதற்கு முதலே, தைப்பொங்கல் கழிந்த கையோடு சரசாலைக் குருவிக்காட்டுக்குப் போயிருந்தேன். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று தலைக்கு மேலால் தாழப் பறந்தது. திரை உறைந்தது. சுண்டிக்குளத்துக்கு வான் பிடித்துப் போனேன், வாடகை 12,000. நீர்ப்பரப்பு முழுக்கப் பூநாரைகள். அவை ஒன்றாக எழும்பின நேரம் நான் பற்றரியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். வான்காரப் பொடியன் தன் போனில் எடுத்த படம் என்னுடையதைவிடத் திறம். இனி வலசைப் பறவைகள் திரும்பிவிடும். இந்தப் பருவம் எனக்குப் போய்விட்டது, அதற்கு என்ன விலை போடுவீர்கள்? என் வாழ்நாள் ஆசையையே கெடுத்துவிட்டீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது பங்குனி 12இல் முடிகிறது. "அடுத்த கிழமை போன் எடுங்கோ" என்று நீங்கள் இழுப்பது அதற்காகத்தானோ என்றும் யோசிக்கிறேன். மாசி முடிவதற்குள் முழுப்பணமும் அந்த 3,500உம் வராவிட்டால் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் முறைப்பாட்டைக் கொடுப்பேன். கடிதம் எழுதியாயிற்று, கையெழுத்துத்தான் பாக்கி.

கமராவைப் பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுங்கள், நான் இனிக் கொழும்புக்கு வரமாட்டேன். தயவுசெய்து அந்தத் தம்பியைக் கொண்டு எனக்குப் போன் எடுப்பிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
(பெயரும் பற்றுச்சீட்டு இலக்கமும் கடித உறையில்)