பள்ளிதோறும் ஒரு வீடியோ கேம் பெட்டி செய்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுகளில் மூழ்கிக் கிடப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள், நேரக்கட்டுப்பாடு கொண்டுவாருங்கள், தடை போடுங்கள் என்ற யோசனைகளே அக்கடிதங்களில் மிகுதி. தொழிற்பயிற்சி நிலையமொன்றின் மின்பணியாளர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற நான், வேறொரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டின் மீது பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையையே முதலாக வைத்து, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் ஓர் ஆர்கேடு பெட்டியை, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியை, பலகை அறுப்பதில் தொடங்கி நிரல் எழுதுவது வரை, தங்கள் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். அதற்கு ஊரிலுள்ள தச்சு ஆசாரியைப் பள்ளிக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, ஆசிரியருக்கு நிகராக வகுப்பில் நிறுத்த வேண்டும்.

இன்று நாற்பதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பெட்டியை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் காசு போட்டு நின்றபடி ஆடிய அதே வீடியோ கேம் பெட்டிதான். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற விளையாட்டு, அதன் நான்கு நாயகர்களுள் ஒருவனின் பெயரால் நம் ஊர்களில் ‘முஸ்தபா’ என்றே வழங்கியது. ஒரே பெட்டியில் இந்த மாதம் ஒரு விளையாட்டும் அடுத்த மாதம் வேறொன்றும் ஓடியதற்குக் காரணம், ஜப்பானியப் பொழுதுபோக்கு இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985-இல் வகுத்த ஜாம்மா என்ற 56 முனை இணைப்பு முறை. கடைக்காரர் விளையாட்டு அடங்கிய மின்சுற்றுப் பலகையான பழைய போர்டைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். மரப்பெட்டியும் திரையும் பொத்தான்களும் அப்படியே நிற்கும். பலரும் அந்தப் பெட்டியை வெளியிலிருந்து பார்த்து வளர்ந்தோமே தவிர, அதன் பின்கதவைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்ததில்லை. பெண் பிள்ளைகளுக்கோ அந்தக் கடைகளுக்குள் நுழையும் வாய்ப்பே அநேகமாக இருந்ததில்லை. ஆண்கள் கூட்டமாக இருந்த ஆர்கேடு விளையாட்டுக் கடைகளுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று எண்ணியே 1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டைத் தோரு இவாத்தானி வடிவமைத்தார் என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது.

அண்மையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரையும் அனுபவமிக்க ஆசாரி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அப்படியொரு பெட்டியைச் செய்து முடித்தோம். அந்த அனுபவத்தின் பலத்தில்தான் இதை எழுதுகிறேன். எட்டுக்கு நாலு அடி அளவுள்ள ஆறு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனமுள்ள பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், இரண்டடி அகலத்தில் இரண்டு பக்கப் பலகைகள் கிடைக்கும். ஐந்தரை அடி உயரத்துக்கு அவற்றை வெட்டிய பிறகு மிஞ்சுவதில் பொத்தான்கள் பதிக்கும் பலகையும் திரை தாங்கும் தட்டும் வந்துவிடும். முன்புறம், பின்கதவு, மேல்மூடி ஆகியவற்றுக்கு நாலு நூல் பலகை போதுமானது. விலை குறைவு என்று மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நம் மழைக்காலத்து ஈரத்தில் அது ஊதிவிடும் என்பதாலும், அறுக்கும்போது எழும் நுண்ணிய தூள் பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆகாது என்பதாலும், அதை நான் ஏற்கமாட்டேன்.

பக்கப் பலகை இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் உயிர்நாடி. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு போடப் புறப்பட்டார்கள். ஆசாரி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேல்பலகையில் மட்டும் வரையச் சொல்லி, ஒரே ஓட்டமாக ஜிக்சா என்ற மின்ரம்பத்தால் அறுத்து, ஓரங்களையும் சேர்த்தே இழைத்தார். பொத்தான் பலகை முடிந்து திரை தொடங்கும் இடத்தைப் பிள்ளைகள் கூர்மூலையாக வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்தவர், “உள்மூலை கூரா இருந்தா வெடிப்பு அங்கதான் கண்ணு ஆரம்பிக்கும்” என்று சொல்லி, பெயின்ட் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து அந்த மூலையை வளைவாக்கினார். விசை ஒரு புள்ளியில் குவிவதைப் பற்றிப் பொறியியல் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படிப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு மூடியைக் கொண்டு புரிந்துகொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பொத்தான்களில் இரண்டு அளவுகள் வழக்கத்தில் உள்ளன. ஜப்பானிய வகைக்கு 30 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலமும் ஒன்றரை நூலும். அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ ஓர் அங்குலமும் ஒரு நூலும். வாங்கிய பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ஹோல் சா என்ற வட்டத்துளை ரம்பத்தைத் தேடுவதே முறை. கிளிப்பால் கவ்வும் பொத்தான்கள் மெல்லிய தகட்டுக்கானவை. பிளைவுட்டுக்கு நீண்ட கழுத்தும் மரையும் நட்டும் உள்ளவையே பொருந்தும். உருவத்தைத் திசை திருப்பும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தும் இடத்தில் பலகையின் அடிப்புறத்தை உளியால் குடைந்து மெலிதாக்காவிட்டால், அதன் தண்டு மேலே குட்டையாக நின்று கைக்கு அகப்படாது.

மின்வேலைப் பகுதியில் என் மனம் சற்று அதிகமாக ஊன்றுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அதில் மூன்று முனைகள். பொது முனை ஒன்று, அழுத்தினால் சேர்வது ஒன்று, அழுத்தினால் பிரிவது ஒன்று. எல்லாப் பொத்தான்களின் பொது முனைகளையும் ஒரே வயரால் சங்கிலியாகக் கோத்துவிட்டு, அழுத்தினால் சேரும் முனையிலிருந்து மட்டும் தனித்தனி வயர் எடுத்துச் பொத்தான் அழுத்தத்தைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் சிறிய யு.எஸ்.பி. என்கோடர் போர்டுக்குக் கொண்டுபோனால், கணினி அதை ஒரு விளையாட்டுக் கருவியாக ஏற்றுக்கொள்கிறது. மின்னிணைப்பைச் சோதிக்கும் மல்ட்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு சிறுமி பொத்தானை அழுத்தும்போது அது ஒலிப்பதும், விட்டதும் அடங்குவதும், வயரை முனை மாற்றிச் செருகினால் எல்லாம் தலைகீழாவதும் ஒரு முழுப் பாடம். சுவிட்சின் உலோக நாக்கு ஒரே தொடுதலில் நின்றுவிடாமல் ஓரிரு மில்லி நொடி துள்ளுகிறது என்பதும், அந்தத் துள்ளலை வடிகட்டாவிட்டால் ஒரு முறை அழுத்தியதை இயந்திரம் பல முறையாக எண்ணும் என்பதும், மின்தூக்கி முதல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பலகை வரை எங்கும் பயன்படும் அறிவு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய பெட்டிகளின் அழகு படக்குழாய்த் திரையில்தான் இருக்கிறது என்று சொல்லி, பழைய தொலைக்காட்சியைத் திறக்க யாரும் மாணவர்களை அனுமதிக்கக் கூடாது. அந்தக் குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் ஏற்றம் பெற்று இயங்குவது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய 19 அங்குல எல்.சி.டி. திரைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கின்றன. இன்றைய அகலத்திரைகளைவிடச் சதுர வடிவை ஒட்டிய அவை பழைய விளையாட்டுகளுக்கு நன்கு பொருந்தும். இரண்டாவது, வீட்டு மின்சாரம் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஃபியூஸும் மூன்று முனை பிளக்கும் எர்த் இணைப்பும் கட்டாயம். அந்தப் பகுதியைத் தனிப் பெட்டியில் அடைத்து, அதைத் தகுதி பெற்ற மின்பணியாளர் மட்டுமே தொட வேண்டும். பிள்ளைகள் கைவைக்கும் பகுதியெல்லாம் 5 வோல்ட், 12 வோல்ட்டோடு நின்றுவிடும்படி அமைப்பது எளிது. பின்கதவின் கீழே காற்று நுழையத் துளைகளும் மேலே ஒரு சிறு விசிறியும் வைத்தால் நம் கோடையையும் பெட்டி தாங்கும். உள்ளே வைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இனி, பெட்டிக்குள் எந்த விளையாட்டை ஓட்டுவது என்ற கேள்வி. பழைய போர்டுகளைக் கணினியில் மறுவுருவாக்கும் மாமே என்ற மென்பொருள் 1997-இல் வெளிவந்தது. 2016 முதல் அது கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் அதில் ஓடும் பெரும்பாலான விளையாட்டுகளின் பதிப்புரிமை இன்னும் நிறுவனங்களிடமே இருக்கிறது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஒரு மெமரி கார்டில் நிரப்பி விற்பவர்களிடம் பள்ளிகள் போகக் கூடாது. பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுப்பதைக் கல்விக்கூடத்திலேயே பழக்குவது தகாது. உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த ‘ராபி ரோட்டோ’, ‘கிரிட்லி’ போன்ற சில பழைய விளையாட்டுகள் உள்ளன. அவற்றை வைத்துப் பொத்தான்களைச் சோதித்துவிட்டு, மாணவர்கள் பைத்தான் என்ற நிரல் மொழியில் தாங்களே ஒரு விளையாட்டை எழுதட்டும்.

எழுதக் கற்றுக்கொள்ளப் பழைய விளையாட்டுகளின் உள்ளமைப்பைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது. தைத்தோ நிறுவனத்துக்காக தொமொஹிரோ நிஷிகாதோ 1978-இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்வோம். ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று என்று 55 வேற்றுக்கிரக உருவங்கள். திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இயந்திரம் ஒரே ஓர் உருவத்தை மட்டுமே நகர்த்துகிறது. நொடிக்கு 60 முறை என்றால், 55 உருவங்களும் ஒரு சுற்று நகர்ந்து முடிய ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். பாதியைச் சுட்டு வீழ்த்தினால் அதே சுற்று அரை நொடியில் முடிந்துவிடும். கடைசியில் எஞ்சும் ஒன்று திரையில் சீறிப் பாய்வது இதனால்தான். இயந்திரத்தின் வரம்பிலிருந்து தானாகப் பிறந்த இந்த வேகத்தைத்தான் நிஷிகாதோ விளையாட்டின் பரபரப்பாக ஏற்று அப்படியே விட்டுவைத்தார். ஏழாம் வகுப்பு வகுத்தல் கணக்கு தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். அதேபோல, பேக்-மேனில் 256-ஆவது கட்டம் வந்ததும் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடுவது, கட்ட எண்ணை வைக்கும் எட்டு பிட் (எட்டு இரும இலக்க) இடத்தில் 255-க்கு மேல் எண்ண முடியாது என்பதன் விளைவு.

பேக்-மேனுக்கு நான்கு திசைகள் மட்டுமே. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் அதை ஆடினால், மூலை திரும்பும்போது கை சற்றுக் கோணலாகி உருவம் தவறிப்போகும். சில வகை ஜாய்ஸ்டிக்குகளின் அடியிலுள்ள சதுரத் தட்டைக் கழற்றி 45 டிகிரி திருப்பிப் பொருத்தினால் குறுக்குத் திசைகள் அடைபட்டு நான்கு மட்டும் நிற்கும். நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு, பிழை மரப்பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இருந்தது என்பது பெரிய வியப்பாக இருந்தது.

பொத்தான் பலகையின் உயரம் பற்றி ஒரு வேண்டுகோள். பெரியவர் நின்று ஆடுவதற்குத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வசதியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அதிகம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கோ பலகை தாழ்ந்திருப்பது மட்டும் போதாது. முழங்கால் உள்ளே போக முன்புறம் திறந்திருக்க வேண்டும். முதல் வரைபடம் போடும்போதே, அப்படியொரு பிள்ளை பள்ளியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதற்கு இடம் விட்டு வரையச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் சுமார் பத்தாயிரம் பள்ளிகளில் மாணவர்கள் கையால் செய்து கற்பதற்கான டிங்கரிங் ஆய்வகங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை கூறியது. நான் பார்த்த சில ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சு இயந்திரம் உறை பிரிக்காமலும், ரோபோ பெட்டிகள் பூட்டிய அலமாரியிலும் இருந்தன. இரண்டு பிளைவுட் பலகையும் ஒரு பழைய திரையும் ஒரு சிறு கணினியும் கொஞ்சம் பொத்தான்களும் அந்த மானியத்தில் மிகச் சிறு பகுதியில் அடங்கிவிடும். ஆய்வகச் செலவில் ஆசாரிக்கும் மின்பணியாளருக்கும் ஊதியம் வழங்கத் தெளிவான வழி செய்து பள்ளிக்கல்வித் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். இன்று விருந்தினர் உரைக்குப் பட்டம் பெற்றவர்களைத்தான் அழைக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக மரத்தோடு பழகியவரைக் கதவு சரிசெய்ய மட்டுமே கூப்பிடுகிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களுக்கான தங்கள் வாராந்திர இணைப்பில் இந்தப் பெட்டியின் செய்முறையைச் சில வாரங்கள் தொடராக வெளியிட முடியுமா? பிள்ளைகளும் ஆசாரியும் சேர்ந்து படித்து வேலை செய்ய ஏதுவாக, பலகை அளவுகளை அடி, அங்குலம், நூல் கணக்கிலும் மின்னிணைப்புகளைப் படமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் இசைந்தால் அவற்றை எந்தக் கட்டணமும் இன்றி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.