பிக்கப் வண்டி தயாரிப்பாளர்களுக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு உத்தரவாத விதிகளை வகுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மாதவரம், செங்குன்றம், பொன்னேரி வழித்தடங்களில் மீன் ஏற்றிச் செல்லும் ஒன்றரை டன் பிக்கப் ஒன்றின் உரிமையாளன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கடலோர மாவட்டங்களில் நீங்கள் விற்கும் வண்டியின் சேஸிஸ், அதாவது முழு வண்டியையும் தாங்கும் அடிச்சட்டம், துருவால் ஓட்டை விழுந்தால் அதற்கு நீங்களே பொறுப்பு என்று உத்தரவாதத்தில் எழுதித் தர வேண்டும் என்பதும், அப்படி எழுதித் தரும் துணிவு உங்களுக்கு வரும் அளவுக்கு அதன் அடிப்பாகத்தைக் கட்ட வேண்டும் என்பதுமே என் கோரிக்கை.

இன்ஜினைக் குறித்து எனக்குப் புகார் எதுவும் இல்லை. முழு லோடுடன் மேம்பாலம் ஏறும்போதும் அது திணறுவதில்லை. பெரிய லாரி நுழைய முடியாத ராயபுரத்துத் தெருக்களில் இந்த வண்டி தாராளமாகத் திரும்புகிறது. சிறிய லோடு ஆட்டோவில் இரண்டு நடை அடிக்க வேண்டிய சரக்கை ஒரே நடையில் கொண்டு சேர்க்கிறது. எங்கள் பகுதி மீன் வியாபாரிகள் இதை விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுதான். இன்ஜின் இத்தனை நன்றாக இருக்கும்போது, அதைத் தாங்கும் இரும்பு அதற்கு முன்பே இற்றுப்போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

காசிமேட்டில் ஏலம் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். எடுத்த மீன் உடைத்த ஐஸுடன் பெட்டிகளில் அடுக்கப்பட்டு வண்டி ஏறியது முதல், இரத்தமும் கடல்நீரும் கலந்த ஐஸ் தண்ணீர் பின்பாடியின் தரையில் வழிந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேறத் தனி வழி எதுவும் என் வண்டியில் வைக்கப்படவில்லை. ஆகவே அது தகரங்கள் சேரும் இணைப்புகளின் வழியே கசிந்து சேஸிஸின் மேலும், குறுக்குச் சட்டங்களின் மேலும், பாரம் தாங்கும் வில்லான பின் பட்டாவின் மேலும் சொட்டுகிறது. சேஸிஸ் பெட்டி வடிவில் மூடப்பட்டிருக்கும் இடங்களில் உள்ளே போன தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றை மீன் செதில் அடைத்துக்கொள்கிறது. பகல் வெயிலில் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் தங்க, அடுத்த லோடில் அதே உப்பு மறுபடி நனைகிறது. பூச்சின் தரத்தைப் பார்க்க வழக்கமாகச் செய்யப்படும் உப்புத் தெளிப்புச் சோதனையில், 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புக் கரைசல் இடைவிடாமல் தெளிக்கப்படுகிறது என்பதை அறிவேன். எங்கள் வண்டிகளோ நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைகின்றன. இரும்பை உண்மையில் தின்பது இந்த மாற்றம்தான் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. அதற்கெனச் சுழற்சி முறைச் சோதனைகளும் உங்களிடம் உண்டு. மீன் ஏற்றும் வண்டிக்கு அந்தச் சோதனையைச் செய்யும்போது செதிலும் இரத்தமும் கலந்த ஐஸ் தண்ணீரையே பயன்படுத்திப் பாருங்கள்.

நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவ வேண்டும் என்று வண்டியுடன் வரும் கையேடு சொல்கிறது. அறிவுரை சரியானதே. ஆனால் வடசென்னைக் கடற்கரையோரம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்டதிலிருந்தே இப்பகுதியின் தண்ணீர் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ளலாம். எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது; நான் போகும் வாட்டர் சர்வீஸ் கடையிலும் அதே தண்ணீர்தான். குடிநீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருக்கும் தெருவில், அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி வண்டியைக் கழுவ யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

காற்றும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. கடல் சீறும் நாள்களில் கருங்கல் தடுப்பைத் தாண்டி அலைத்துளிகள் சாலையில் விழுகின்றன. மணலித் தொழிற்சாலைகளின் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு, உப்பு ஈரத்துடன் சேரும்போது அரிப்பின் வேகம் இன்னும் கூடுகிறது.

துருவை அழகு சார்ந்த குறையாக நீங்கள் வகைப்படுத்துவதே எனக்குப் பெரிய வருத்தம். பின் பட்டாவைத் தாங்கும் பிடி சேஸிஸோடு சேரும் இடத்தில் இரும்பு மெலிந்துவிட்டால், லோடு ஏற்றிய நிலையில் அது பெயர்ந்து அச்சே விலகக்கூடும். பிரேக் பைப் துருவேறி ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், பிரேக் ஆயில் வடிந்து மிதி தரையைத் தொட்டுவிடும். முன்னும் பின்னும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரும் சாலையில் அந்த ஒரு நொடிக்கு என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு சென்சார்களும் அவற்றின் ஒயர் இணைப்புகளும் கூடியிருக்கின்றன. அவற்றில் உப்பு புகுந்து செம்பு பச்சையேறினால், நல்ல இன்ஜினும் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு இழுவையைக் குறைத்துக்கொள்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்குப் போகும்போது எங்கள் வண்டிகளும் டிங்கரிங் பட்டறைக்குப் போகின்றன. வருமானம் நின்றுபோன அந்தக் காலத்தில்தான், துருவைச் சுரண்டித் தகடு வைத்து வெல்டிங் செய்து ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்கும் செலவு வருகிறது. வண்டிக் கடனின் தவணையோ தடைக்காலம் பார்ப்பதில்லை. சிலர் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கிறார்கள். அது துருவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் ரப்பர் புஷ்களை உப்பவைத்துக் கெடுக்கிறது, மழையில் சாலையிலும் வழிகிறது. தார்ப்பூச்சு அடித்தால், வெடித்த இடத்தில் ஈரம் உள்ளே தங்கி வெளியே தெரியாமல் அரிக்கிறது. என் வண்டியின் குறுக்குச் சட்டம் செதில் செதிலாக உரியத் தொடங்கியபோது சேவை மையத்தில் காட்டினேன். சுற்றுச்சூழலால் ஏற்பட்ட பாதிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று கூறிவிட்டார்கள். வண்டியை உங்களிடம் வாங்கிய அன்றே கடற்கரையில்தான் ஓடப்போகிறது என்பது விற்றவருக்குத் தெரியும். அப்படியிருக்க, சுற்றுச்சூழல் எப்படி எதிர்பாராத காரணமாகும்?

உலகில் எங்கும் ஏற்கப்படாத கோரிக்கை அல்ல இது. அமெரிக்காவில் டொயோட்டா விற்ற டகோமா என்னும் நடுத்தரப் பிக்கப்பின் சேஸிஸ், பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பால் அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்தபோது, 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குத் துரு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக அந்நிறுவனம் 2008இல் நீட்டித்தது. மோசமாக அரிக்கப்பட்ட வண்டிகளைத் திரும்ப வாங்கியும் கொண்டது. பிற்கால மாடல்கள் பற்றிய வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தது. டகோமா, டன்ட்ரா, செக்கோயா ஆகியவற்றில் சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, சோதனையில் துரு துளைத்தது தெரியவந்தால் சேஸிஸையே மாற்றித் தர நிறுவனம் இசைந்தது. அந்த உரிமையாளர்களுக்கு உப்பு குளிர்காலத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு ஆண்டு முழுவதும் உப்புதான்.

என் கோரிக்கைக்கு நான் கேட்கும் காலம் எட்டு ஆண்டுகள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கான சோதனை பார்த்தால் போதும், அதன்பின் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று அரசே வகுத்திருப்பதால், அந்த அளவுக்காவது சேஸிஸ் முழுதாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். பின்பாடித் தரைக்குத் துத்தநாகம் பூசிய தகடும், ஐஸ் தண்ணீரைச் சேஸிஸுக்கு அப்பால் கொண்டு விடும் குழாயும், மூடிய சட்டங்களின் உள்ளே மெழுகுப் பூச்சும், கையை விட்டுச் செதிலை எடுக்கக்கூடிய அளவுக்குப் பெரிய வடிதுளைகளும் போதும். இவற்றுக்காக விலை சற்றுக் கூடினாலும் கொடுப்போம். ஆண்டுதோறும் பட்டறைக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே இருக்கும்.

உங்கள் பொறியாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்கு வர வேண்டும். அன்றுதான் வண்டிகள் அதிகம். புதிதாக எடுத்த வண்டி, மூன்றாண்டு ஓடிய வண்டி, ஆறாண்டு ஓடிய வண்டி ஆகியவற்றை அருகருகே நிறுத்தி அடிப்பாகத்தைக் காட்டுகிறோம். டார்ச் லைட்டும் சுத்தியலும் கொண்டு வாருங்கள். உத்தரவாத விதிகளை எழுதுபவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு பிக்கப் உரிமையாளர் ஒருவர்