ரத்தப் பரிசோதனைக் கருவிக்குள் வாழை இலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் செல்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தப் புற்றுநோயின் வகையைக் கண்டறிவது, எச்ஐவி நோயாளிகளுக்கு சிடி4 என்கிற நோயெதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை பார்ப்பது என்று மருத்துவமனைப் பக்கத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். கடைசிப் பத்தியில்தான் அவசரப்பட்டுவிட்டார். தாவர செல்லின் நுண்ணுறுப்புகளையும் இதே கருவியில் செலுத்தினால் அதுவே பிரித்துத் தந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அந்த ஒரு வரிக்குள் மூன்று ஆண்டுகளைத் தொலைத்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

ரத்தத்தில் செல்கள் ஏற்கெனவே தனித்தனியாக மிதக்கின்றன. இலையில் அப்படியில்லை, ஒவ்வொரு செல்லும் செல்லுலோஸ் சுவருக்குள் இருந்துகொண்டு பக்கத்துச் செல்லோடு ஒட்டிக் கிடக்கிறது. நொதி ஊற்றிச் சுவரைக் கரைக்கலாம், மணிக்கணக்கில் ஆகும். 1983-இல் அமெரிக்காவில் டேவிட் கால்பிரெய்த்தும் சகாக்களும் வெளியிட்ட வழி வேறு. பெட்ரி தட்டில் குளிர்ந்த பஃபரை (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலை) ஊற்றி, அதில் இலைத்துண்டைப் போட்டு, சவர பிளேடால் பொடிப்பொடியாக நறுக்குவது. அவ்வளவுதான். கோடி ரூபாய் கருவிக்கு முன்னால் இன்றைக்கும் அந்த பிளேடுதான் உட்கார்ந்திருக்கிறது.

எது கையில் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் அந்தத் தட்டிலேயே முடிவாகிவிடும். பஃபரில் டிரைட்டான் என்கிற சோப்புப் பொருள் இருந்தால் செல் சவ்வும் பசுங்கணிகமும் கரைந்துபோய் உட்கரு மிஞ்சும். பசுங்கணிகம்தான் வேண்டுமென்றால் சோப்பே ஆகாது; சர்பிட்டால் போன்ற ஒன்றைச் சேர்த்து அடர்த்தியைச் சரிக்கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீர் புகுந்து வெடித்துவிடும். அப்புறம் நைலான் வலையில் வடிகட்டி, உட்கருவானால் டிஎன்ஏவோடு சேர்ந்து ஒளிரும் சாயமேற்றி, பிறகே கருவிக்குள் விடலாம். அது ஒவ்வொரு துகளாக லேசருக்கு முன் ஓடவிட்டு ஒளியை அளக்கிறது. பிரித்தெடுக்கும் வகைக் கருவியாக இருந்தால், வேண்டிய துகள் உள்ள துளிக்கு மின்னூட்டம் தந்து அதைத் தனிக்குழாய்க்குத் திருப்பிவிடும்.

பணியில் இருந்தபடியே பகுதி நேரமாக நான் பிஎச்.டி. செய்தது வாழையில். ஏலக்கி இருமயம், பூவன் மும்மயம்; அதாவது ஏலக்கியின் செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டு, பூவனில் மூன்று. ஏலக்கி உட்கருவின் ஒளிர்வு 200-இல் விழும்படி கருவியை அமைத்தால் பூவன் 300 பக்கம் விழ வேண்டும். குருத்திலையை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியூர் மருத்துவ ஆய்வகம் ஒன்றுக்குப் போனேன். “இலைச்சாற்றை என் மெஷினில் விட்டால் அடைத்துக்கொள்ளும்” என்று கையை விரித்துவிட்டார் அங்கிருந்தவர். கெஞ்சி அனுமதி வாங்கி ஓட்டினால், 300-இலும் இல்லை, எங்குமே இல்லை; திரை முழுக்கத் தூசி. வேட்டியில் பட்டால் போகாத வாழைக்கறை இருக்கிறதே, அதிலுள்ள ஃபீனால் என்ற பொருள்தான், சாயத்தை டிஎன்ஏவோடு சேரவிடவில்லை. பஃபரில் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் திரையின் வரைபடத்தில் முகடு தெரிந்தது.

என் கதை சின்னது. செக் நாட்டின் ஓலோமோட்ஸ் நகரில் தாவர மரபியலாளர் யாரோஸ்லாவ் டோலஜெல் குழு செய்ததைக் கட்டுரையாளர் விட்டதுதான் பெரிய குறை. ரொட்டிக் கோதுமையின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 1,700 கோடி டிஎன்ஏ எழுத்துகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அதிலும் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்த மூன்று தொகுதிகள். மொத்தமாக வாசித்தால் எது எங்கே என்று குழம்பும். அவர்கள் முளைவிட்ட வேர்நுனிகளை வேதிப்பொருளால் செல் பிரிதலின் ஒரே கட்டத்தில் நிறுத்தி, குரோமோசோம்களையே வெளியே எடுத்துக் கருவியில் பிரித்தார்கள். மிகப் பெரியதான 3பி என்ற குரோமோசோம் மட்டும் தனி முகடாக நின்றது. அது ஒன்றே நெல்லின் முழு மரபுத்தொகுதியைப் போல இரண்டு மடங்கு! மற்றவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அங்கே கைகொடுத்தது எர்னஸ்ட் சியர்ஸ் போன்ற கோதுமை மரபியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கி வைத்திருந்த தனிவகைக் கோதுமைச் செடிகள். அவற்றில் குரோமோசோமின் ஒரு கை மட்டும் தனியாக இருக்கும், அளவில் சிறியதாகையால் தனியே பிரியும். 3பி-யின் டிஎன்ஏ எழுத்து வரிசை 2014-இல் வெளியானது. குரோமோசோம்களைப் பல நாடுகள் பங்கிட்டுக்கொண்டு வாசித்ததில், இந்தியாவின் பங்குக்கு வந்த 2ஏ குரோமோசோமில் லூதியானாவிலும் டெல்லியிலும் வேலை நடந்தது.

இன்னொன்று. கட்டுரையோடு போட்ட படத்தின் கீழ் ‘லேசர் பட்டுப் பச்சையாக ஒளிரும் பசுங்கணிகம்’ என்று அச்சாகியிருக்கிறது. பெயரில்தான் பசுமை. நீல லேசர் பட்டால் பச்சையம் 680 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவே ஒளிரும்; பசுங்கணிகத்தைச் சாயமில்லாமலே கருவி அடையாளம் காண்பதும் அந்தச் சிவப்பை வைத்துத்தான். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
லால்குடி.