பழநிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிறவர்கள் ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இன்னும் எவ்வளவு சாமி?" என்பதுதான். வழியில் அதற்குக் கிடைக்கும் பதில்களோ நாலைந்து. மைல்கல் ஒரு கணக்கு சொல்லும். பச்சைப் பலகை வேறு கணக்கு சொல்லும். உபயதாரர் கட்டிய பிளெக்ஸ் மூன்றாவதாக ஒன்று சொல்லும். டீக்கடைக்காரர், "கிட்டத்தான், நாலு மைல்" என்பார். டீக்கடைக்காரரை விட்டுவிடலாம், பாவம், அவர் தெம்பு சொல்கிறார். கல்லும் பலகையும் தெம்பு சொல்ல நட்டவை அல்லவே.

திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறக்குறைய 60 கிலோமீட்டர், நடுவாந்திரத்தில் ஒட்டன்சத்திரம். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடிக்கும் மதுரைப் பக்கத்திலிருந்து வரும் கூட்டத்துக்கும் திண்டுக்கல்லுக்கு அப்புறம் இந்த ஒரு சாலைதான். இதில் ஒரு பலகையில் 24 என்று பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரம் நடந்து, அடுத்த பலகையிலும் 24 என்றே பார்ப்பது புதிதல்ல.

மூன்று கிலோமீட்டர் தப்பினால் என்ன என்று காரில் போகிறவர் கேட்கலாம். அவருக்கு அது மூன்று நிமிடம். செருப்பில்லாமல், குதிகாலில் கொப்புளத்தோடு மூன்றாம் நாள் நடக்கிறவருக்கு அது ஒரு மணி நேரம். குழுக்கள் ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் கிளம்புவதே, தார் சூடேறுவதற்குள் அடுத்த கொட்டகையைப் பிடிக்கத்தான். தை மாதத்தில் விடிகாலைப் பனி இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் தாரில் கால் வைக்க முடியாது. ஒன்பதரைக்குச் சேருவோம் என்று பலகையை நம்பிப் போட்ட கணக்கு பத்தரையானால், அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் புதுக் கொப்புளம் போடுகிறது. சாப்பாட்டு வண்டி ஒரு ‘பழநி 20’ல் நிற்கும், குழு இன்னொரு ‘பழநி 20’ல் காத்திருக்கும். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள். 108-ஐ அழைத்தால் முதலில் கேட்பது எந்த இடம் என்று. இருட்டில், வெளியூர்க்காரர் சொல்லக்கூடிய ஒரே அடையாளம் பக்கத்துக் கல்லில் உள்ள எண்.

இத்தனை குழப்பமும் யாரோ கவனக்குறைவாக எழுதியதால் மட்டும் வந்ததல்ல. முதல் காரணம், ‘பழநி’ என்றால் எந்த இடம் என்பதே முடிவாகவில்லை. ஒரு கணக்கு பேருந்து நிலையத்தில் முடியும். இன்னொன்று ஊர் எல்லையிலேயே முடிந்துவிடும். புறவழிச்சாலைப் பலகை, வண்டி பிரியும் சந்திப்போடு நின்றுவிடும். நடக்கிறவருக்குப் பழநி என்பது அடிவாரம், பாத விநாயகர் சந்நிதி. அங்கே தேங்காய் உடைத்த பிறகுதான் கிரிவலமும் படியும். செல்பேசி வரைபடமும் இதற்கு விலக்கல்ல. வெறுமனே ‘பழநி’ என்று தேடினால் அது ஊருக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் குத்தும், அதுவும் கார் போகிற வழியில்.

இரண்டாவது, சாலை மாறிவிட்டது, கல் மாறவில்லை. இந்தச் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 209; 2010-இல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது 83 ஆனது. பிறகு அகலப்படுத்தினார்கள், வளைவுகளை நிமிர்த்தினார்கள், ஊர்களுக்கு வெளியே புறவழி போட்டார்கள். ஒவ்வொரு வளைவு நிமிரும்போதும் நூறு இருநூறு மீட்டர் குறையும். ஊரைச் சுற்றிப் போகும் இடத்தில் கூடும். மஞ்சள் தலையில் இன்னும் 209 என்று சுமந்துகொண்டு ஒரு கல் நின்றால், அதன் தூரம் பழைய அளவு என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அன்னதானப் பந்தலும் தண்ணீரும் ஊருக்குள் இருப்பதால் நடக்கிறவர்கள் பெரும்பாலும் பழைய சாலையில்தான் வருகிறார்கள். அவர்கள் பாதி வழியில் புதுக் கணக்கையும் மீதி வழியில் பழைய கணக்கையும் படிக்கிறார்கள்.

இனி கல்லையே கொஞ்சம் பாருங்கள். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்ததில், பல கற்கள் இடுப்பளவு மண்ணுக்குள். எண் எழுதிய இடத்தில் பாதி தரைக்குக் கீழே. திருவிழாவுக்கு முன்னால் வெள்ளையடிக்கிறவர் தேய்ந்த எண்ணின் மேலேயே தூரிகையை ஓட்டுகிறார். 1 என்பது 7 ஆவதும், 3 என்பது 8 ஆவதும் அங்கேதான். லாரி இடித்துச் சாய்த்த கல்லை, பழைய குழியைத் தேடாமல், தோதான இடத்தில் நடுகிறார்கள். முகம் மாற்றி நட்டால் போக வேண்டிய ஊர் கல்லின் முதுகில் போய்விடும். பெரிய எழுத்துப் பலகைகளோ மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் ஒதுங்கி முன்னே பின்னே நிற்கின்றன. இதோடு, சாலை தொடங்கும் ஊரிலிருந்து எண்ணிப் போட்ட கிலோமீட்டர் எண்ணைப் பழநித் தூரம் என்று படித்துவிட்டுத் தலையில் கைவைக்கிறவர்களும் உண்டு. (பழநியா பழனியா என்பதிலும் பலகைகள் ஒத்துப்போவதில்லை. அது வேறு வழக்கு.)

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. வாகனங்களுக்கான கல்லும் பலகையும் அவற்றின் கணக்கில் இருக்கட்டும். நடக்கிறவருக்கென்று தனி வரிசை ஒன்று வேண்டும். அதன் பூஜ்யம் பாத விநாயகர் சந்நிதி. பழநியிலிருந்து வெளிப்பக்கமாக எண்ண வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு வளைவை நிமிர்த்தினால், அதற்குக் கிழக்கே உள்ள எண்கள் மட்டும் மாறும். ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி எண்கள் அப்படியே நிற்கும். திண்டுக்கல்லிலிருந்து எண்ணினால் அத்தனையையும் அழித்து எழுத வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தத்தோடு தாராபுரம் வழியாக வருகிறவர்களுக்கும் உடுமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே பூஜ்யம் போதும். சாலைக்கு ஒரு எழுத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அளப்பதற்கு, கைப்பிடியோடு தள்ளிப் போகும் அளவுச் சக்கரம் போதும். ஆனால் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சமதளத்தில் 50 மீட்டர் இரும்பு நாடாவை ஆறு முறை போட்டு 300 மீட்டர் குறித்துக்கொண்டு, அதன்மேல் சக்கரத்தை மூன்று தரம் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறது என்று முதலில் எழுதிவைக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று பிசகினாலே 60 கிலோமீட்டரில் 600 மீட்டர் போய்விடும். மணலில் சக்கரம் சுற்றாமல் சறுக்கும், அப்போது தூரம் குறையும். ஆள் வளைந்து வளைந்து தள்ளினால் கூடும். அதனால் இரண்டு பேர், இரண்டு சக்கரம். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இருவருக்கும் வித்தியாசம் வந்தால் அந்தத் துண்டைத் திரும்ப அளக்க வேண்டும். நடுச்சாலையில் அளப்பதில் பயனில்லை. பாதயாத்திரைக்காகக் கல் பாவிய நடைபாதை இருக்கும் இடத்தில் அதன்மேலும், இல்லாத இடத்தில் கால் போகிற ஓரத்திலும், மேம்பாலச் சந்திப்பில் இறங்கிச் சுற்றுகிற இணைப்புச் சாலையிலும் அளக்க வேண்டும். செல்பேசியின் நடைக்கணக்கு இதற்கு உதவாது. நின்ற இடத்திலேயே அதன் புள்ளி அலைந்து தூரத்தைக் கூட்டும். நட்ட தூணின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ள அது சரி.

கிலோமீட்டருக்கு ஒரு தூண். ஆயக்குடிக்கு அப்புறம் மட்டும் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று. ஏனென்றால் மலை கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பிறகுதான் ‘வந்துவிட்டது’ என்று வேகமெடுத்து ஆட்கள் விழுகிறார்கள். பார்க்கக் கிட்டத்தில் இருக்கும், நடந்தால் தீராது. பிளெக்ஸ் ஒரு மாதக் காற்றுக்குத் தாங்காது. அலுமினியத் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். சிமென்ட் தூணில் ஒளிரும் தாள் ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு எண், நெஞ்சு உயரத்தில், நடந்து வருகிறவர் முகத்துக்கு நேராக இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே படிக்கலாம். ஒவ்வொரு தூணின் எண்ணும் இருப்பிடமும் கொண்ட பட்டியல் 108 கட்டுப்பாட்டு அறையிலும் வழியிலுள்ள காவல் நிலையங்களிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் "37-ஆம் தூண்" என்று சொன்னால் வண்டி நேரே அங்கே வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சாலையோரப் புதர் ஆளுயரம் வளர்ந்துவிடும். ஆகவே அளவெடுப்பதை மழைக்கு முன்பும், தூண் நட்டு ஒளிர்தாள் ஒட்டுவதை மழை ஓய்ந்து மார்கழியில் புதர் வெட்டும்போதும் வைத்துக்கொள்ளலாம். அதே வாரத்தில், மரத்திலும் மதகுச் சுவரிலும் பெயின்ட்டால் எழுதிய பழைய ‘பழநி இத்தனை கி.மீ.’ எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். தூரப் பலகை உபயம் செய்ய விரும்புகிறவர்கள் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்து எழுதட்டும். உபயதாரர் பெயரை அதன் கீழே எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நத்தம் வழி நடக்கும் பாதயாத்திரைக் குழுவினர்,
திண்டுக்கல் மாவட்டம்.