ஐடா வெல்ஸ் வரலாறு அச்சேற உதவுங்கள்

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளே,

ஐடா பி. வெல்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் வாழ்க்கையை அம்பாசமுத்திரம் வட்டாரத்து வாசகசாலைக் குழுவினர் நாங்கள் எளிய தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். அச்சிடப் பணம் வேண்டும்.

ஐடா 1862இல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். பதினாறு வயதில் தாய் தந்தை இருவரையும் மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தம்பி தங்கைகளுக்குச் சோறு போட ஆசிரியை வேலைக்குப் போனார். பின்னர் மெம்பிஸ் நகரில் பத்திரிகை ஆசிரியரானார். 1892 மார்ச்சில் அங்கே மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பக்கத்தில் கடை வைத்திருந்த வெள்ளையருக்கு இவர்கள் போட்டியாக வந்ததுதான் பகையின் வேர். மாண்டவர்களில் ஒருவரான தாமஸ் மாஸின் மகளுக்கு ஐடா ஞானத்தாய்.

இத்தகைய கொலைகளுக்கு அன்று வழக்கமாக ஒரு காரணம் சொல்வார்கள்: பெண்ணின் மானத்தைக் கெடுத்தான். ஐடா விசாரித்தார். சம்பவம் நடந்த ஊர்களுக்கே போனார். வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த செய்திகளையே எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தார். எட்டு ஆண்டுகளில் கும்பல்களால் கொல்லப்பட்ட 728 கறுப்பினத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது. எதிராளியின் ஏட்டை வைத்தே எதிராளியின் பொய்யை உடைத்த இந்த முறையை நூலில் விரிவாக எழுதியிருக்கிறோம். நம் பெண்பிள்ளைகள் கற்க வேண்டியது அதுதான்.

அந்தக் காரணம் பொய் என்று எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகத்தை வெள்ளையர் கும்பல் நொறுக்கியது. வெளியூரில் இருந்ததால் உயிர் தப்பினார். திரட்டிய ஆதாரங்களை நூலாக்கக் கையில் காசில்லை. நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் 1892 அக்டோபரில் கூடி, வசூலித்து, சுமார் 500 டாலர் கொடுத்தார்கள். நூல் வந்தது. 1931இல் மறைந்த அவருக்கு, அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்பு விருது 2020இல்தான் கிடைத்தது.

எங்கோ நடந்த கதை என்று நெல்லைச் சீமையில் இதை ஒதுக்க முடியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். எப்படி மாண்டார்கள் என்பதில் அரசு சொன்னது ஒன்று, உடனிருந்தவர்கள் சொன்னது வேறொன்று. சாதி மாறிக் காதலித்ததற்காக வெட்டப்பட்ட செய்தி இன்றும் நம் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கைப்பிரதியை ஒரு வளவில் வாசித்துக் காட்டினோம். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த மூன்று பேர் வீட்டுப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்?” என்று கேட்டார். கணவரைப் பறிகொடுத்தபோது தாமஸ் மாஸின் மனைவி கர்ப்பமாக இருந்தார் என்பதை அதற்குப் பிறகே நூலில் சேர்த்தோம். வாசித்துக் காட்ட வசதியாக எழுத்தையும் பெரிதாக்கியிருக்கிறோம்.

ஆயிரம் பிரதிக்குத் தாள், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆகிறது. சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம். அம்மன் கொடைக்கு வரி எடுப்பதுபோலத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நாங்கள் விதிக்கவில்லை. பத்து ரூபாயும் பெருந்தொகைதான்.

வாசகசாலை தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை திறந்திருக்கும். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வரவுசெலவுக் கணக்கை மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
வாசகசாலைக் குழுவினர்